ஏசி ஓடிய பிறகு திற

கலை,

புது வேலையில் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். பெங்களூரில் குளிர் அதிகமாக இருக்கிறது, கொண்டுபோன போர்வை போதவில்லை என்றும் சொன்னாயாம். இதையெல்லாம் அவளிடம்தான் சொல்லியிருக்கிறாய். என்னிடம் "நீ சாப்ட்டியாப்பா" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். இதைக் குறையாக எழுதவில்லை. இல்லை, குறையாகத்தான் எழுதுகிறேன். மனதில் இருப்பதை மாற்றி எழுதக் கூடாது என்ற முடிவோடு உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே ஒரு தடவை மாற்றிவிட்டேன்.

நீ பெங்களூருக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம், தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை என் தட்டுக்குப் பக்கத்தில் திருப்பி வைத்தாய். "லேப் பில்டிங் ஒண்ணுதாம்பா பாக்கி. நீயே பாரு. இன்னாத்தயாச்சும் வுட்டுட்டனா?" என்று கேட்டாய். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நீ எழுதியிருந்த விதியை மேலிருந்து கீழ் வரை படித்தேன். நீ ஒன்றை விட்டிருந்தாய். எதை விட்டிருக்கிறாய் என்பது படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கட்டடம் ஒரு நாள் தொடர்பில்லாமல் நிற்கும் என்றும் தெரிந்தது. "ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றேன். அது பொய் என்று உனக்குத் தெரியும். ஏன் அந்தப் பொய்யைச் சொன்னேன் என்பது உனக்குத் தெரியாது. அதையும், விட்டுப்போனது எது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா" என்பாய், இரண்டாவதை மட்டும் சொல்லிவிட்டு முதலாவதிலிருந்து நான் தப்பித்துக்கொள்வேன். உனக்குத் தெரிந்த விஷயங்களும் நடுவில் வரும். வரிசையாக எழுதினால்தான் எனக்குக் கை ஓடும் என்பது உனக்குத் தெரிந்ததுதானே.

ஆஸ்பத்திரிக் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலைப்பின்னலைப் பார்த்துக்கொள்வதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. கட்டடத்துக்குக் கட்டடம் கணினி வயர்களைச் சேர்க்கும் ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும். அவற்றிலிருந்து வரும் வயர்களெல்லாம் என் அறையில் இருந்த பெரிய பெட்டியில் வந்து சேரும். ஒவ்வொரு வயருக்கும் அதில் ஒரு வாசல், போர்ட் என்போம். எங்கே தொடர்பு அறுந்தாலும் "சார், ஓபி-ல லைன் பூட்ச்சு சார்" என்று எனக்குப் போன் வரும். வில்லியனூரில் தேர் அன்று வடத்தைத் தொடப் போகும் நேரத்தில் போன் வந்து நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியேறியதை நீ எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய்! "எங்கப்பா தேர இழுக்க மாட்டாரு, வயரத்தான் இழுப்பாரு." நானும் சலித்துக்கொள்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். கல்யாண வீட்டில் பந்தியில் இடம் காலியாகிவிட்டதா என்று கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன் நான். அந்தப் போன் வந்தால் மட்டும் நாலு பேர் எனக்கு வழி விடுவார்கள். கடைத்தெருவில் எனக்கு 'நெட்டு சார்' என்று பெயர். நீ பள்ளிக்கூடம் போகும்போது 'நெட்டு சார் பொண்ணு'.

நான் ஓய்வு பெற்றதும் அந்த வேலைக்கு நீ விண்ணப்பித்தாய். உனக்காக நான் யாரிடமும் சிபாரிசு சொல்லவில்லை. சொல்லும் துணிச்சலும் எனக்கு இல்லை. உன் படிப்பில், உன் தேர்வில் நீ உள்ளே போனாய். போன கொஞ்ச காலத்தில் பெட்டிகளுக்குள்ளேயே விதிகளை எழுதி வைக்க ஆரம்பித்தாய். நீ அதைப் பாலிசி என்கிறாய். இன்னது நடந்தால் இன்னது செய் என்று பெட்டிக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது. ஒரு வயர் அறுந்தால் பெட்டி மாற்று வயருக்குத் தானே மாறும். அறுந்த நேரத்தில் அக்கம்பக்கத்து நிலவரம் என்ன என்று தானே குறித்து வைக்கும். பிறகு உனக்கு ஒரு செய்தி அனுப்பும். யாரும் யாருக்கும் போன் செய்ய வேண்டாம்.

அதைச் செய்து காட்டிய நாளில் என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தாய். எல்லாருக்கும் முன்னால் ஓபி கட்டடத்து வயரைப் பிடுங்கி மேலே தூக்கிக் காட்டினாய். ஓபியில் டோக்கன் போடும் பெண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, அவள் அடுத்த டோக்கனை அடித்துக்கொண்டிருந்தாள். உன் போனில் செய்தி வந்து 'டிங்' என்றது. மேனேஜர் என் தோளைத் தட்டி, "சார், ஒங்க பொண்ணு ஒங்களயே பொட்டிக்குள்ள வச்சி மூடிட்டாங்க சார்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன், என் மேல் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று.

பெற்ற பெண் மேல் பொறாமை வருமா என்று அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் என்னையே கேட்டுக்கொண்டேன். முதலில் அந்தப் பெட்டி மேல்தான் பொறாமை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குப் போன் வந்தால் நான் முதலில் கண்ணாடியைத் தேடுவேன். பிறகு வயரைப் பார்ப்பேன், திரும்பவும் பார்ப்பேன், இதைச் செய்யலாமா கூடாதா என்று யோசிப்பேன், செய்துவிட்டுச் சரிதானா என்று கவலைப்படுவேன். பெட்டிக்கு இது எதுவும் இல்லை. நான் கண்ணாடியைக் கண்டுபிடிப்பதற்குள் அது வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் டீக்கடையில் ஒருவர், "இவுரு யாருன்னு தெரியலயா? நம்ம கலை மேடத்தோட அப்பா" என்று பக்கத்தில் இருந்தவருக்கு என்னை அறிமுகப்படுத்திய நாளில் அந்தச் சமாதானமும் போய்விட்டது. பெட்டி மேல் இல்லை. உன் மேல்தான். டீயை முழுதாகக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

உன் ஏழுமலை மாமா இதைக் கண்டுபிடித்துவிட்டான். பண்டசோழநல்லூரில் அவன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறான் அல்லவா, கரண்ட் வந்தால் மோட்டார் தானே ஓடுமே, அதைப் பார்க்க வா என்று ஒரு காலையில் கூப்பிட்டான். நாங்கள் வரப்பில் நிற்கும்போதே கரண்ட் வந்தது. அவன் மோட்டார் உறுமியது. அக்கம்பக்கத்துக் கொல்லைகளிலும் எல்லாரும் ஆட்டோ போட்டிருப்பதால் அத்தனை மோட்டாரும் ஒரே மூச்சில் உறுமின. வோல்டேஜ் தாங்கவில்லை. எல்லாம் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. ஏழுமலை துண்டை உதறிக்கொண்டு திட்டினான்.

"இத்த வாங்கி மாட்டனதுலேர்ந்து மோட்டாரு என்னை மதிக்கறதே இல்ல மாமா. நான் நேர்ல வந்து நின்னாலும் அது பாட்டுக்கு ஏந்துக்குது, அது பாட்டுக்குப் படுத்துக்குது."

"கரண்ட் வந்த உடனே எடுக்காம கொஞ்சம் லேட்டா எடுக்கற மாதிரி அதுல திருகறதுக்கு ஒண்ணு இருக்கும் ஏழுமலை. மத்தவங்க மோட்டாரெல்லாம் எடுத்து முடிக்கட்டும், அப்புறம் ஒன்னுது எடுக்கட்டும்."

அவன் திருகினான். அடுத்த தடவை எல்லா மோட்டாரும் எழுந்து நிலைத்த பிறகு அவனுடையது மெதுவாக எழுந்து, நின்று ஓடியது. அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "இம்மாம் வெவரம் வச்சிக்கினு ஏன் மாமா மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு திரியற? பொண்ணு பேரு வாங்கனா ஒனக்கு வவுறு எரியுதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். நான் குனிந்து செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது லேப் கட்டடத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்து ஸ்விட்ச் பெட்டிக்கு பேட்டரி பாதுகாப்பு இல்லை என்பது உனக்குத் தெரியும். கரண்ட் போனால் அது அணையும், ஜெனரேட்டர் வந்ததும் எழும். நீ அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தாய். முடியாது. ஜெனரேட்டர் வந்து சற்று நேரம் கழித்து அந்தக் கட்டடத்துப் பெரிய ஏசி ஓட ஆரம்பிக்கும். அது எழும்போது வோல்டேஜை இழுக்கும். எழுந்து உட்கார்ந்த ஸ்விட்ச் பெட்டி திரும்பவும் அணைந்து, திரும்பவும் எழும். இப்படி ஒரு வயரில் தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தால் என் அறைப் பெரிய பெட்டி அதை நம்பாது. வயரில் ஏதோ கோளாறு என்று அந்தப் போர்ட்டை மூடிவிடும். யாராவது திறந்துவிட்டால்தான் உண்டு. மூடியது தெரிந்த உடனே திற என்று நீ விதி எழுதியிருந்தாய். ஏசி எழுந்து நிலைப்பதற்கு முன் திறந்தால் அது திரும்பவும் மூடிக்கொள்ளும். உன் விதி திரும்பவும் திறக்கும். சில தடவை முயன்றும் முடியாவிட்டால் விட்டுவிடு என்றும் எழுதியிருந்தாய். அது விட்டுவிடும். லேப் மூடியபடியே கிடக்கும்.

நான் என்ன செய்வேன் தெரியுமா? லேப்புக்குப் போன் போட்டு, அங்கே இருக்கும் சிஸ்டரிடம், "ஏசி சத்தம் கேக்குதாம்மா?" என்று கேட்பேன். "இன்னா சார், லைன் இல்லன்னா நீங்க ஏசியக் கேக்கறீங்க" என்று சிரிப்பார்கள். சத்தம் வந்துவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் பொறுத்து ஒரே ஒரு தடவை திறப்பேன். அது நிலைத்துவிடும். எதையும் சட்டென்று செய்யப் பயப்படுகிற என் சுபாவம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சுபாவம் உருப்படியாகப் பயன்பட்ட ஒரே இடம் அந்த லேப் கட்டடம்தான். என் கைவேலை ஒவ்வொன்றையும் நீ பெட்டிக்குள் எழுதி முடித்துவிட்டாய். இது ஒன்று எழுதப்படாமல் இருந்தது. இதையும் கொடுத்துவிட்டால் என்னிடம் என்ன இருக்கும் என்று தோன்றியது. தோசைத் தட்டுக்கு முன்னால் நான் பொய் சொன்னது அதனால்தான். உன் விதி ஒரு தடவை தோற்கட்டும், நாலு பேர் "பழைய சாரக் கேளுங்கப்பா" என்று சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த நாலு பேரில் நீயும் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன்.

நீ பஸ் ஏறிப் போன பிறகு, ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. அது எப்போது என்று எனக்குத் தெரியும். காலையிலேயே குளித்து, போனை சார்ஜ் போட்டு, சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "எங்கியாச்சும் கெளம்பறீங்களா?" என்று உன் அம்மா கேட்டாள். இல்லை என்றேன். போன் 'டிங்' என்றது. 'லேப் லிங்க் டவுன். எதுவும் செய்யவில்லை. ஆஸ்க் அப்பா' என்று வந்திருந்தது. கண்ணாடியைத் துடைத்து இன்னொரு தடவை படித்தேன். அடுத்த நிமிடமே சரவணன் கூப்பிட்டான், உன் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கிற டெக்னீஷியன். "சார், ஒங்களக் கேக்கச் சொல்லி வந்துருக்குது. இன்னா சார் பண்ணட்டும்?" அவனை லேப்புக்குப் போன் போட வைத்து, ஏசி சத்தம் வரும்வரை பொறுக்க வைத்து, பிறகு திறக்கச் சொன்னேன். திறந்தான். நின்றது. "சூப்பர் சார்!" என்றான். அன்றைக்கு நான் பொங்கலை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

உடனே உனக்குப் போன் செய்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"நீ ஒடனே சரின்னு சொன்ன இல்ல, அப்பவே தெரியும்பா. நெஜமாவே சரியா இருந்தா நீ 'இரு, நாளைக்கி இன்னொரு வாட்டி பாத்துட்டுச் சொல்றேன்'ம்ப. ஒனக்கு எது ஒடனே சரியா இருந்துருக்குது? அதான் திறக்கறத எடுத்துட்டு ஒன் நம்பரப் போட்டேன். இப்ப சொல்லு, அது இன்னா? இங்கேர்ந்தே எழுதி முடிச்சிடறேன்."

"நேர்ல வரும்போது சொல்றேம்மா. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்" என்றேன்.  நீ "சரிப்பா" என்றாய். முதல் தடவை பொய் சொன்னபோது எனக்கு உறுத்தல் இருந்தது. இந்தத் தடவை அதுகூட இல்லை. விதியில் என் பெயர் இருந்தது. உன் அம்மாவிடம் போனைக் காட்டி, "பாத்தியா, என்னைக் கேக்கணுமாம்" என்று சொன்னேன். கடைத்தெருவிலும் ஒருவரிடம் காட்டினேன். எனக்கு அது பரிதாபப்பட்டுப் போட்டதா, மதித்துப் போட்டதா என்ற சந்தேகம் வராமல் இல்லை. வந்ததும் அதைத் தள்ளி வைத்தேன். என் வாழ்க்கையில் நான் தள்ளி வைத்த ஒரே சந்தேகம் அதுவாகத்தான் இருக்கும்.

போன முகூர்த்த நாளில் பாகூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். போன் உன் அம்மாவின் பையில் இருந்தது. பை மண்டபத்து நாற்காலியில் இருந்தது. மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு உன் அம்மா பையைத் திறந்து, "இன்னாங்க, இவ்ளோ வாட்டி கூப்ட்டுருக்குறாங்க" என்றாள். காலையில் கரண்ட் போய் வந்திருக்கிறது. உன் பெட்டி நீ சொன்னபடியே எதுவும் செய்யாமல் எனக்குச் செய்தி அனுப்பியிருக்கிறது. சரவணனைக் கூப்பிட்டேன்.

"நீங்க எடுக்கல சார். ஆஸ்க் அப்பான்னு போட்டிருந்துச்சு, அதான் நான் ஒண்ணத்தையும் தொடல. மேடத்துக்கும் போட்டேன், மீட்டிங்ல இருந்தாங்க போல."

"லேப்புல?"

"ரிப்போர்ட் எதுவும் கம்ப்யூட்டர்ல போவல சார். ஆபரேஷனுக்கு எடுத்துக்கினு போவ வேண்டிய ஒரு அம்மா ஸ்ட்ரெச்சர்லயே படுத்துக்கினு இருந்தாங்க. அப்புறம் நர்ஸே ரிப்போர்ட்ட கைல எழுதி எடுத்துக்கினு ஓடனாங்க. அந்தம்மா நல்லாத்தான் இருக்காங்க சார், நீங்க டென்ஷன் ஆவாதீங்க."

அவனிடம் ஏசி இப்போது ஓடுகிறதா என்று கேட்டேன். காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. திறக்கச் சொன்னேன். திறந்தது. காலையிலேயே திறந்திருக்கும். இடையில் இருந்த தடை நான் மட்டும்தான். பஸ் வில்லியனூர் வந்து சேர்ந்தது. இறங்கும்போது உன் அம்மா, "அந்தப் புள்ள கேட்டப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. என் பொறாமை எனக்கு மட்டும்தான் ரகசியமாக இருந்திருக்கிறது போல.

ஆகவே, கலை, இதை எழுதிக்கொள். ஏசியை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் உன் பெரிய பெட்டியில் ஒரு போர்ட் இருக்கிறது. இரண்டாம் தட்டில், கடைசியில். ஏசி ஓடத் தொடங்கினால்தான் அது உயிர் பெறும். சிஸ்டரிடம் நான் கேட்ட கேள்வியை உன் விதி அந்தப் போர்ட்டிடம் கேட்கட்டும். லேப் போர்ட் மூடினால் உடனே திறக்காதே. ஏசி போர்ட் எழுந்துவிட்டது என்ற செய்திக்குக் காத்திரு. வந்த பிறகும் லேப் பெட்டி முழுதாகக் கண் விழிக்கக் கொஞ்சம் அவகாசம் கொடு. பிறகு ஒரு தடவை மட்டும் திற. ஏசி போர்ட் விழாமலே லேப் போர்ட் மூடியிருந்தால் அது கரண்ட் விவகாரம் இல்லை, உண்மையிலேயே வயர் கெட்டிருக்கிறது. அப்போது திறக்கவே வேண்டாம், ஆளைக் கூப்பிடு. அந்த ஆள் அங்கே வேலையில் இருக்கிறவனாக இருக்கட்டும், சரவணனாக இருக்கட்டும். நான் வேண்டாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம் என்று, கையால் திறக்கும் முறையை இன்று காலை சரவணனிடம் முழுதாகச் சொல்லிவிட்டேன். அவன் எழுதிக்கொண்டான். எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

என் எண்ணை எடுத்துவிடு. நான் தூங்குவேன், மறப்பேன், கல்யாண வீட்டுக்குப் போவேன் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. விதி தோற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருவனை அந்த விதிக்குள்ளேயே வைக்கக் கூடாது. புதிய ஆபீஸிலும் என்னைப் போல ஒருவர் இருப்பார். நீ கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உடனே சொல்லிவிடுவார். அவரை விட்டுவிடாதே, இன்னொரு தடவை கேள். என்னிடம் கேட்டதைவிடக் கொஞ்சம் பிடிவாதமாகக் கேள். அவருக்குத் தெரிந்ததை வாங்கிக்கொள். அவரைக் காவலுக்கு உட்கார வைக்காதே. உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ எல்லாவற்றுக்கும் உடனே பதில் எழுதுகிறாய். எனக்குப் பொறாமை தருவதே அதுதான். ஆனாலும் சில விஷயங்கள் இரண்டாம் தடவை எழும்வரை பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஏழுமலையின் மோட்டாரைத் திருகியதுபோல உன்னிடமும் லேசாக ஒரு திருகு.

விதிக்கு மேலே குறிப்பு எழுத ஒரு வரி உண்டே, பெட்டி படிக்காத வரி, அதில் 'அப்பா சொன்னது' என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், சின்னத்தனமாக இருக்கிறது. இடம் இருந்தால் எழுது. பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. நீ அந்த விதியை எழுதி, அது முதல் தடவை சரியாக வேலை செய்ததாகச் சரவணன் சொல்லும் நாளில் எனக்கு இங்கே சாப்பாடு இறங்காது. அதைச் சமாளித்துக்கொள்வேன்.

இனி என் போனில் அந்த 'டிங்' வராது. அதற்குப் பதிலாக ஒன்று செய். எந்தப் போர்ட்டும் விழாத, எந்தக் கரண்டும் போகாத ஒரு சாதாரண நாளில் என்னைக் கூப்பிடு. பழக்க தோஷத்தில் நான் பதறிப்போய் "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்பேன். "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல். நம் இருவருக்கும் நடுவில் அந்த வார்த்தை ஒரு தடவையாவது உண்மையாக இருக்கட்டும்.

உன்
அப்பா